ஆடாத நாற்காலியில் குமட்டல்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் சிறுவயதில் போனவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கட்டாயம் நினைவிருக்கும். கார் லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டுவதற்குள் பின்னிருக்கையில் ஏதாவது ஒரு பிள்ளை அந்தப் பையைத் தேடும். அம்மா கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்ப்பார். பாட்டி ஒரு அசாம் போயைக் கொடுத்து, "வாயில போட்டுச் சப்பு, ஜன்னல் பக்கம் பாரு" என்பார். வண்டி ஓட்டும் அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வானொலியில் பாட்டுக் கேட்டபடி வளைவுக்கு வளைவு ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அந்த அப்பாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் திரும்பி வருவோம்.

சென்ற தீபாவளிக்கு ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அதே காட்சியை வரவேற்பறையில் பார்த்தேன். அங்கே காரும் இல்லை, மலைச்சாலையும் இல்லை. அக்கா மகன் புதிதாக வாங்கிய மெய்நிகர் விளையாட்டுக் கருவி ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதை 'விஆர்' என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மூன்றாம் படிவம் படிக்கும் அவன் தங்கை நாற்காலியில் உட்கார்ந்து, கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, ரோலர் கோஸ்டர் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். முதல் இறக்கத்தில் கத்தினாள், சிரித்தாள். இரண்டாவது வளைவில் சத்தம் நின்றது. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. கருவியைக் கழற்றியபோது முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வியர்வை. கழிவறைக்கு ஓடினாள்.

அண்ணன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது மாமா. நான் ரெண்டு மணி நேரம் விளையாடுவேன்" என்றான். திரும்பி வந்த பெண் என்னருகில் உட்கார்ந்து மெல்லச் சொன்னாள்: "எனக்கு இது வேணாம் மாமா. என் தலையிலேயே ஏதோ கோளாறு போல."

அவள் தலையில் ஒரு கோளாறும் இல்லை. சொல்லப்போனால், அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அவளுக்குக் குமட்டியது.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கேட்பதற்கான உறுப்போடு ஒட்டி, நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் மூன்று வெவ்வேறு திசைகளில் அமைந்துள்ளன. தலையைத் திருப்பினால் குழாய் திரும்பும், உள்ளே இருக்கும் நீர்மம் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிர் உயிரணுக்கள் உணர்ந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு பைகள். அவற்றில் கூழ் போன்ற படலத்தின்மீது கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். கார் சட்டென்று வேகமெடுத்தாலோ, மின்தூக்கி கீழே இறங்கத் தொடங்கினாலோ அந்தத் துகள்கள் சரிவதை வைத்து மூளை அசைவை அறிந்துகொள்கிறது.

இந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. அது வேகத்தை உணராது, வேகம் மாறுவதை மட்டுமே உணரும். சென்னைக்குப் பறக்கும் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டால் வீட்டு சோபாவில் இருப்பதுபோல்தான் தோன்றும்.

கண்ணுக்கு வேறொரு குணம். கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் இரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தடத்தில் நிற்கும் இரயில் மெல்ல நகர்கிறது. நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் உடல் நம்பிவிடும். பார்வையின் பெரும்பகுதி ஒரே பக்கமாக நகர்ந்தால், நகர்வது நாம்தான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அதிலும் கடைக்கண்ணில் தெரியும் அசைவுக்கு இந்த மாயத்தில் பெரும் பங்கு உண்டு. விஆர் கருவி கண்ணின் முழுப் பரப்பையும் மூடிக்கொள்வதால், அந்த ஒரு கணம் பல நிமிடங்களாக நீள்கிறது.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காரில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போகும் பிள்ளைக்குக் காது "நகர்கிறோம்" என்கிறது, கண் "இல்லை, எழுத்து அசையாமல் நிற்கிறதே" என்கிறது. விஆரில் இது தலைகீழ். கண் "பாதாளத்தில் இறங்குகிறோம்" என்கிறது, காது "நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. சாட்சிகள் இடம் மாறிக்கொள்கின்றன, தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை. பாவம், தண்டனை வயிற்றுக்கு.

புலன்களுக்கு இடையே ஏற்படும் இந்தப் பிணக்கே பயணக் குமட்டலுக்குக் காரணம் என்ற கருத்தை ஜேம்ஸ் ரீசன், ஜோசப் பிராண்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1975இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கண்ணும் காதும் வேறுபடுவது மட்டும் பிரச்சினை இல்லை. இந்த நேரத்தில் எந்தச் செய்தி வரவேண்டும் என்று மூளை பழைய அனுபவத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வந்த செய்தி அந்தக் கணக்கோடு பொருந்தாமல் போவதுதான் பிரச்சினை.

காதின் சமநிலை உறுப்பு இல்லாதவர்களுக்கு என்ன ஆகும்? இதற்கு விடை கிடைத்த விதம் சுவையானது. 1950களின் பிற்பகுதியில் விண்வெளிப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள், காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 10 பேர் சிறுவயதில் மூளை உறைக் காய்ச்சல் கண்டு செவித்திறனை இழந்தவர்கள், கூடவே சமநிலை உறுப்பும் பழுதானவர்கள். அவர்களைக் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் படகில் ஏற்றிச் சென்றார்கள். பதினொரு பேரும் சாவகாசமாகச் சீட்டு விளையாடினார்கள். அவர்களைச் சோதிக்க வந்த ஆய்வாளர்களுக்குத்தான் தாங்க முடியாத குமட்டல். சோதனையைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று.

ஆக, குமட்டல் வருவதற்கு ஒழுங்காக வேலை செய்யும் உள்காது தேவை. இதைச் சொன்னதும் அக்கா மகள் அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, கண்ணும் காதும் சண்டை போட்டால் வயிறு ஏன் புரளவேண்டும்? மிஷல் டிரீஸ்மன் என்ற உளவியலாளர் 1977இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். இயற்கையில் கண்ணும் காதும் இப்படி முரண்படும் சந்தர்ப்பம் ஒன்றுதான்: நச்சுப் பொருள் ஏதாவது உடலில் கலந்து நரம்புகளைக் குழப்பும்போது. எனவே அப்படி ஒரு குழப்பத்தை உணர்ந்ததும், தின்றதை வெளியே தள்ளுவது உயிரைக் காக்கும் பழைய தந்திரம். கப்பலும் காரும் விஆரும் அந்தப் பழைய எச்சரிக்கை மணியைத் தெரியாமல் அடித்துவிடுகின்றன என்றார் அவர். நாய்களுக்கு உள்காதின் சமநிலை உறுப்பை அகற்றியபோது சில நச்சுகளுக்கு அவை வாந்தி எடுப்பது குறைந்தது என்று பின்னர் நடந்த ஒரு சோதனை காட்டியது. விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. உடலை நிலையாக நிறுத்தத் தெரியாமல் தடுமாறுவதே குமட்டலுக்கு முன்னோடி என்று தாமஸ் ஸ்டோஃப்ரெகன் போன்றவர்கள் வேறொரு பக்கத்தில் வாதாடிவருகிறார்கள்.

விமானிகள் முதலில் பட்ட பாடு

விஆர் வீட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சிக்கல் தெரிந்துவிட்டது. 1950களில் அமெரிக்கக் கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிக்காக ஒரு பாவனைக் கருவியை அமைத்தது. அதில் உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டியது. வியப்பு என்னவென்றால், பயிற்சிக்கு வந்த புதியவர்களைவிட, உண்மையான ஹெலிகாப்டரைப் பல நூறு மணி நேரம் ஓட்டிய பயிற்றுநர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். திரையில் இப்படித் திரும்பினால் உடலில் எப்படி உணரவேண்டும் என்பது அவர்கள் மூளைக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த உணர்வு வராதபோது ஏமாற்றமும் பெரிது. கணக்குப் புத்தகம் தடிமனாக இருந்தால் பிழையும் பளிச்சென்று தெரியத்தானே செய்யும்.

பாவனைக் கருவியில் அவதிப்பட்ட விமானியை உடனே உண்மையான விமானத்தில் ஏற்றுவது ஆபத்து என்பதையும் அந்தக் காலத்திலேயே உணர்ந்துகொண்டார்கள். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

விளையாட்டு நிறுவனங்கள் இந்தப் பாடத்தைத் தங்கள் செலவில் மீண்டும் படித்தன. சேகா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஒரு விஆர் கருவியை அறிவித்தது, காட்சிக்கும் வைத்தது, ஆனால் கடைக்குக் கொண்டுவராமலேயே கைவிட்டது. நின்டெண்டோவின் 'வர்ச்சுவல் பாய்' 1995இல் வந்தது. கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோடுகள் மட்டும் தெரியும் அந்தக் கருவியால் தலை வலிக்கிறது, கண் வலிக்கிறது என்று புகார்கள் எழுந்தன. ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

2013இல் மென்பொருள் எழுதுவோருக்கென்று வெளியான முதல் ஓக்குலஸ் கருவியில் படம் வினாடிக்கு 60 முறை மாறியது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஆனால் முன்னால் சாய்ந்தால் அந்தச் சாய்வு கருவிக்குத் தெரியாது. உலகமே உங்களோடு சேர்ந்து சாயும். குமட்டாமல் என்ன செய்யும்? தலை அசைந்து, அதற்கேற்ப படம் மாறுவதற்குள் ஆகும் தாமதம் 20 மில்லி வினாடிக்குள் இருக்கவேண்டும் என்பது அப்போது பொறியாளர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. நாம் தலையைத் திருப்பும்போது, பார்ப்பது கலங்காமல் இருக்கக் கண் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. காதிலிருந்து கண்ணுக்குப் போகும் அந்தக் கட்டளைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 10 மில்லி வினாடிதான். அவ்வளவு விரைவான உறுப்பை ஏமாற்ற, கருவியும் விரைவாக இருக்கவேண்டும். 2016இல் கடைக்கு வந்த கருவிகள் வினாடிக்கு 90 படங்களைக் காட்டின, சாய்வதையும் குனிவதையும் கண்டுகொண்டன.

அதன்பின் கருவியின் மீதிருந்த பழி பெருமளவு குறைந்தது. ஆனால் குமட்டல் போகவில்லை. காரணம், விளையாட்டே நம்மை எப்படி நகர்த்துகிறது என்பதில் இருந்தது.

ஸ்டீரிங் யார் கையில்?

இப்போது அந்த அப்பாவிடம் வருவோம். ஒரே கார், ஒரே வளைவுகள். ஓட்டுபவருக்கு மட்டும் ஏன் குமட்டுவதில்லை? 1991இல் ரோல்னிக், லூபோ என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுழலும் ஒரே கருவியில் இருவர் இருவராக உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் கட்டுப்பாடு, மற்றவர் வெறும் பயணி. இருவருக்கும் கிடைத்தது ஒரே சுழற்சி. கட்டுப்பாடு இல்லாதவருக்கே குமட்டல் அதிகம். ஓட்டுபவரின் மூளைக்கு அடுத்த வளைவு வருவதற்கு முன்பே தெரியும். கணக்கு முன்கூட்டியே போடப்பட்டுவிடுகிறது.

இதை வைத்துப் பார்த்தால் ரோலர் கோஸ்டர் விளையாட்டு, விஆரைப் புதிதாக முயல்பவருக்கு ஆகவே ஆகாத ஒன்று. அதில் நீங்கள் முழுக்க முழுக்கப் பயணி. வேகம் கூடும், குறையும், கவிழும், சுழலும். எதுவும் உங்கள் கையில் இல்லை. விருந்தினர் வந்ததும் எல்லாரும் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறார்கள்! நீச்சல் கற்க வந்தவரைப் போர்ட்டிக்சன் கடலில் நட்ட நடுவே இறக்கிவிடுவதுபோல.

மறுகோடியில் 'பீட் சேபர்' போன்ற விளையாட்டு இருக்கிறது. 2018இல் வந்தது. பாட்டுக்கு ஏற்ப எதிரே பறந்துவரும் கட்டைகளைக் கையிலுள்ள ஒளிவாளால் வெட்டவேண்டும். வியர்த்துக் கொட்டும். ஆனால் நின்ற இடம் நின்ற இடம்தான். நீங்கள் குனிந்தால் காட்சியும் குனியும், நீங்கள் அசையாவிட்டால் உங்களைச் சுமந்துகொண்டு எதுவும் நகராது. கண்ணும் காதும் ஒரே சாட்சியம் சொல்கின்றன. இதில் குமட்டல் அரிது.

பெரிய உலகங்களில் நடந்தே தீரவேண்டிய விளையாட்டுகளுக்கு என்ன வழி? விளையாட்டை வடிவமைப்பவர்கள் பல தந்திரங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் அங்கே போய் நிற்கலாம். நடுவில் நகர்வே தெரியாததால் காதுக்குப் புகார் இல்லை. 2020இல் வந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' இந்த முறையையும் வழக்கமான நடையையும் சேர்த்துக் கொடுத்து, உங்களுக்கு எது வசதியோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. திரும்புவதிலும் அப்படித்தான். மெதுவாகச் சுழல்வதைவிட, ஒரே சொடுக்கில் 30 அல்லது 45 பாகை மாறிவிடுவது வயிற்றுக்கு நல்லது. மெல்ல மெல்ல வேகமெடுப்பதைவிட உடனே ஒரு சீரான வேகத்துக்குப் போய்விடுவதும் நல்லது. சட்டென்று மாறுவது இதமா, மெதுவாக மாறுவது தொல்லையா என்று முதலில் எனக்கும் நம்பக் கடினமாகத்தான் இருந்தது. காதின் குணத்தை நினைத்தால் புரிகிறது. அது எதிர்பார்ப்பது வேகம் மாறும் தருணத்தை. அந்தத் தருணம் எவ்வளவு குறுகலோ, பிணக்கும் அவ்வளவு குறுகல்.

கடைக்கண் அசைவுதான் மாயத்தை வளர்க்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டஸும் ஃபைனரும், விளையாடுபவர் நகரும்போது மட்டும் காட்சியின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கிப் பார்த்தார்கள். அசௌகரியம் குறைந்தது. காட்சி குறுகியதைப் பலர் கவனிக்கவே இல்லை. இன்று பல விளையாட்டுகளின் அமைப்புப் பட்டியலில் இந்த வசதி இருக்கிறது.

இதற்கு முந்திய ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னும் வேடிக்கை. காட்சியின் நடுவே ஒரு மூக்கை வரைந்து வைத்தார்கள். நம் மூக்கு நமக்கு எப்போதும் ஓரமாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது, மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. விஆரில் மட்டும் அது காணாமற்போய்விடுகிறது. பொய்மூக்கு வைத்ததும் ஒரு மாளிகையைச் சுற்றிப்பார்க்கும் விளையாட்டில் சராசரியாக 94 வினாடி கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். ரோலர் கோஸ்டரில் கிடைத்த கூடுதல் நேரமோ சுமார் 2 வினாடி! மூக்கால்கூட ரோலர் கோஸ்டரைக் காப்பாற்ற முடியவில்லை.

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே

"பொண்ணுங்களுக்கு ஒத்துவராது" என்றானே அக்கா மகன், அதற்கு வருகிறேன். அவன் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டோஃப்ரெகன் குழுவினர் 18 ஆண்களையும் 18 பெண்களையும் ஒரு திகில் விளையாட்டை விளையாட வைத்தார்கள். ஆண்களில் 6 பேருக்கும் பெண்களில் 14 பேருக்கும் குமட்டல் வந்தது. அந்தக் குழுவினர் இதை உடலின் தள்ளாட்டத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அதே ஆய்வில் வேறொரு விளையாட்டில் ஆண் பெண் வேறுபாடு அவ்வளவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2020இல் கே ஸ்டானி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேறொரு கேள்வி கேட்டார்கள். கருவி அந்தப் பெண்களின் முகத்துக்குப் பொருந்துகிறதா?

ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடுவுக்கு உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களின் சராசரி சுமார் 63 மில்லிமீட்டர். பெண்களுக்குச் சராசரியாக ஓரிரு மில்லிமீட்டர் குறைவு, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. விஆர் கருவியின் இரண்டு வில்லைகளும் இந்தத் தூரத்தில் நிற்கவேண்டும். இல்லையென்றால் படம் மங்கும், கண் தசைகள் ஓயாமல் இழுபடும், தூரக் கணக்கும் தப்பும். பல கருவிகளின் வில்லைகளைக் குறுகிய முகங்களுக்கு ஏற்ற அளவுக்கு நெருக்கிவைக்கவே முடியாது. ஸ்டானி குழுவின் முடிவு இதுதான்: கருவி கண்ணுக்குச் சரியாகப் பொருந்திய பெண்கள், பயணக் குமட்டல் தொல்லை முன்பு இல்லாதவர்களாகவும் இருந்தால், ஏறக்குறைய ஆண்களைப் போலவே சமாளித்தார்கள். கோளாறு பெண்ணிடம் இல்லை, வில்லையில் இருந்தது.

இதைப் படித்த நினைவு வந்ததும் அக்கா வீட்டுக் கருவியை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு சிறு சக்கரம் இருந்தது. அண்ணன் அதைத் தன் வசதிக்கு 66இல் வைத்திருந்தான். மூக்குக் கண்ணாடி வாங்கிய கடையில் தங்கைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா தேடி எடுத்தார். அதில் கண்மணி இடைவெளி 59 என்று இருந்தது. ஏழு மில்லிமீட்டர் வேறுபாடு. பாதி விரல் அகலம்கூட இல்லை. ஆனால் அவளுக்குத் தன் தலைமீதே சந்தேகம் வர அது போதுமானதாக இருந்தது.

சீட்டு இல்லாதவர்கள் கண்ணாடி முன் நின்று, புருவத்துக்குக் கீழே அடிக்கோலைப் பிடித்து அளந்துகொள்ளலாம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து அளப்பது எளிது. இரண்டு மூன்று முறை அளந்தால் ஓரளவு சரியாக வரும்.

வில்லை சரியாக இருந்தாலும் கண் களைப்பு வரலாம். கிட்டத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும், வில்லையும் கிட்டத்துக்குக் குவியும். விஆரில் கண்கள் திரும்புகின்றன, ஆனால் திரை எப்போதும் ஒரே தூரத்தில் குவிந்திருக்கிறது. ஒன்றுசேர்ந்து வேலை செய்து பழகிய இரு தசைகளைப் பிரித்து வைப்பதால் வரும் வலி இது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மெட்டா நிறுவனமே தன் கருவியை அனுமதிப்பதில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

அன்று மாலை மீண்டும் முயன்றோம். சக்கரத்தை 59க்குத் திருப்பினோம். மேசைக் காற்றாடியை அவள் முகத்துக்கு நேராக வைத்தோம். முகத்தில் காற்றுப் பட்டால் காட்சியால் வரும் குமட்டல் குறைவதை 2017இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. காற்றாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. காற்று வரும் திசையை வைத்து நாம் அறையில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியும், தொலைக்காட்சிப் பெட்டியைக் குத்தாமல் இருக்கலாம். ரோலர் கோஸ்டரை மூடிவிட்டு, நின்ற இடத்தில் ஆடும் விளையாட்டைப் போட்டோம். பத்து நிமிடம் முடிந்ததும் நானே நிறுத்தச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். நன்றாக இருக்கும்போதே நிறுத்துவதுதான் முக்கியம். மறுநாள் பதினைந்து நிமிடம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மூளை புதிய கணக்கை எழுதிக்கொள்கிறது. விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டுகிறது, பிறகு பழகிவிடுகிறது. சோவியத்து வீரர் கெர்மன் டிட்டோவ் 1961இல் இதை முதன்முதலாக அனுபவித்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்து விளையாடினால் பழகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். குமட்டலோடு சேர்த்து மூளை எதை வேண்டுமானாலும் முடிச்சுப்போடும். கெட்டுப்போன இறாலைத் தின்றவருக்கு அந்த வாசனையே பல ஆண்டு ஆகாமல் போவதுபோல, கருவியின் ரப்பர் வாசனை பட்டாலே வயிறு புரள்கிறவர்கள் உண்டு. கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுதல், காரணமில்லாத சூடு, நெற்றி வியர்வை இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும், கழற்றிவிடுங்கள். வாந்தி வரும்வரை காத்திருந்தால் மீண்டுவர நேரம் பிடிக்கும்.

கை மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். இஞ்சிக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது. சுழல் நாற்காலியில் உட்காருமுன் இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்கள் கூடுதல் நேரம் தாங்கியதாக 1982இல் 'லான்செட்' இதழில் ஒரு சோதனை வந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஓர் இஞ்சித் தேநீர் குடிப்பதில் நட்டமில்லை. பயணத்துக்கான வாந்தி மாத்திரையை விளையாட்டுக்காகப் போடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல தூக்கத்தை வரவழைக்கும். கோடாலித் தைலம்? பாட்டிக்கு அதில் முழு நம்பிக்கை. அவரோடு வாதாட எனக்குத் துணிவில்லை.

விமானிகள் விஷயத்தைப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். அன்றிரவு அண்ணன்காரன் சொன்னதைப்போலவே இரண்டு மணி நேரம் விளையாடினான். கழற்றி வைத்துவிட்டு நாசி லெமாக் வாங்கிவர மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான். கதவருகே நிலையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல மாமா, லேசா மிதக்குற மாதிரி இருக்கு." நீண்ட நேரம் விஆரில் இருந்த மூளை, அந்த உலகத்துக்கு எழுதிய கணக்கோடு வெளியே வருகிறது. தலையைத் திருப்பினால் உலகம் சற்றுத் தாமதமாக வருவதுபோல் இருக்கும், கை நீட்டினால் பொருள் அங்கே இருக்காது. சிலருக்குச் சில நிமிடத்தில் தெளியும், சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். பயிற்சி முடித்த விமானியை உடனே பறக்கவிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். முகம் சுளித்தான். நாசி லெமாக் வாங்க நானே நடந்து போனேன்.

திரும்பி வந்தபோது தங்கை கருவியின் பெட்டியில் ஒட்டுத்தாளை ஒட்டி எழுதிக்கொண்டிருந்தாள். 'அண்ணன் 66, நான் 59, அம்மா 61.' பாட்டியின் பெயருக்கு நேரே எண் இல்லை. 'நாற்காலி, காற்றாடி, தைலம்' என்று எழுதியிருந்தாள்.